ஊர்சுற்றியின் முகராசி

பெற்றோர் இட்ட பெயர் பள்ளிச் சான்றிதழில் பத்திரமாக இருக்க, விடுதியார் இட்ட பெயராலேயே விளங்கியவனும், அகவை இருபத்திரண்டு முடிந்து மூன்று மாதங்கள் ஆனவனும், மேற்படிப்பின் பொருட்டுக் கடல் கடந்து வந்தவனுமாகிய ஊர்சுற்றி, விடுதி வார்டன் அம்மாள்மீது ஒரு புகார் மனு எழுதினான்.

மனுவின் சாரம் ஒன்றே: அந்த அம்மாள் அவனுடைய சொந்த விஷயத்தில் மூக்கை நுழைக்கிறார்.

நுழைக்கத்தான் செய்தார். சனிக்கிழமை காலையில் அவன் சிவப்புப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினால், வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பார்.

"எங்க தம்பி?"

"தீவுக்கு."

"எந்தப் படகுல? யார் கூட? எப்பத் திரும்புவ?"

"தனியாத்தான் மேடம். ஜாதகத்தையும் எழுதிக்கிறீங்களா?"

"இப்போதைக்குப் படகு நேரம் போதும்."

மற்ற மாணவர்கள் கூட்டமாகப் போனால் கையசைத்து அனுப்பிவிடுவார். தனியாகப் போகிறவன் இவன் ஒருவனே. ஆகவே கேள்விகளும் இவன் ஒருவனுக்கே. அதுதான் அவனுக்கு முள்ளாய்த் தைத்தது.

மற்றபடி, ஊர் சுற்றியதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. தீவில் மெய்மறந்து நின்றுவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்தபோது, கடைசிப் படகு பத்து நிமிடம் அவனுக்காகவே நின்றது. கலங்கரை விளக்கத்துக் காவலர், பூட்டிய கதவைத் திறந்து அவனை உச்சிவரை அழைத்துச் சென்றார். மலைப்பாதையில் பேருந்து ஓட்டுநர், நிறுத்தமே இல்லாத இடத்தில் நிறுத்தி ஏற்றிக்கொண்டார்.

"எல்லாம் என் முகராசிடா," என்பான் அறைத் தோழனிடம்.

"அந்த முகத்தை வச்சுக்கிட்டு நேத்து ரெண்டாவது தடவை சோறு கேட்டியே, போட்டாங்களா?"

ஒரு சனிக்கிழமை, வார்டன் அம்மாளை ஏய்ப்பதற்கென்றே 'அருவி' என்று சொல்லி எழுதவைத்துவிட்டு, நேர் எதிர்த் திசையில் இருந்த கோட்டைக்குப் போனான். அன்று பார்த்து முகராசி பலிக்கவில்லை. கடைசிப் பேருந்து கண்ணெதிரிலேயே கிளம்பிப் போயிற்று. கையைத் தட்டினான், கத்தினான். ஓட்டுநர் திரும்பியும் பார்க்கவில்லை. ஒன்பது கிலோமீட்டர் நடந்து, காலெல்லாம் கொப்புளமாய் விடுதிக்கு வந்து சேர்ந்தான். வாசற்படியில் வார்டன் அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"அருவி எப்படிப்பா இருந்துது?"

"பிரமாதம் மேடம். நல்ல தண்ணி."

அவர் அவன் காலிலிருந்த கொப்புளங்களைப் பார்த்தார். "சரி, கால் கழுவிட்டு வா. சாப்பாடு எடுத்து வச்சிருக்கு."

வந்ததும் வராததுமாகக் கேள்வியா என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளே மனுவை எழுதி, திங்கட்கிழமை அலுவலகத்தில் கொடுத்துவிட்டான்.

"டேய், அந்தம்மா ஒருத்தங்க சம்பளத்துலதான் குடும்பமே ஓடுது. வேலைக்கு ஆபத்தா முடிஞ்சிடப் போவுது," என்றான் அறைத் தோழன்.

"நாலு வார்த்தை கண்டிச்சு விடுவாங்க. அவ்வளவுதான்."

அவ்வளவோடு முடியவில்லை. விசாரணை நாளன்று கல்லூரி அதிகாரி ஒரு நீளக் காகிதத்தை மேசைமேல் விரித்தார். எதிரே வார்டன் அம்மாள் தலை கவிழ்ந்து அமர்ந்திருந்தார்.

"உன் மனு சின்ன விஷயம் தம்பி. அதைத் தோண்டப் போய்ப் பெருசா ஒண்ணு கெடச்சிருக்கு. இந்தம்மா சனிக்கிழமை ஆனா ஆபீஸ் போன்ல எங்கெங்கயோ பேசியிருக்காங்க. யார்கிட்டன்னு கேட்டா வாயே தெறக்க மாட்டேங்கறாங்க. வேலையை விட்டு அனுப்ப இது ஒண்ணு போதும்."

அவர் காகிதத்தில் விரலை வைத்துப் படிக்கலானார்.

"ஜனவரி பதிமூணு, படகுத்துறை. இருபத்தேழு, கலங்கரை விளக்கம். பிப்ரவரி மூணு, மலையடிவார பஸ் டிப்போ."

ஊர்சுற்றி எட்டிக் காகிதத்தைப் பார்த்தான். அதிகாரி வாசித்துக்கொண்டிருந்தது அவனுடைய சனிக்கிழமைகளை.

"பிப்ரவரி பத்து, அருவிக்கரை வனக்காவல் ஆபீஸ். ஒரே சாயங்காலத்துல ஏழு தடவை. அங்க அப்படி யாரும்மா இருக்கா உங்களுக்கு?"

ஊர்சுற்றி எழுந்து நின்றான்.

"ஐயா, ஏழு தடவையும் என்னைத் தேடித்தான் பேசியிருக்காங்க. நான் அருவிக்குப் போகவே இல்ல. பொய் சொல்லிட்டு வேற பக்கம் போனேன்." மேசைமேலிருந்த காகிதத்தைக் காட்டினான். "அந்தப் படகு நின்னது, கதவு தெறந்தது, பஸ் நின்னது எல்லாமே இவங்க சொல்லி வச்சதுதான். என் முகத்தைப் பாத்துன்னு இத்தனை நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அதிகாரி வார்டன் அம்மாளைப் பார்த்தார். "இதை மொதல்லயே சொல்றதுக்கென்னம்மா?"

ஊர்சுற்றி தன் மனுவைக் கேட்டு வாங்கி, அதன் அடியில் தன் கையாலேயே எழுதிக் கையொப்பமிட்டான்: 'அந்நிய மண்ணில் நான் போன இடமெல்லாம் எனக்கு முன்னே போய் எனக்காகப் பேசியவர் இவர். இவர்மீது புகார் சொல்ல எனக்கு நியாயம் இல்லை. நன்றி சொல்லவே கடமை உண்டு.'

அதிகாரி அதை இருமுறை படித்துவிட்டு, நீளக் காகிதத்தை நான்காக மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார்.

வெளியே வந்ததும் ஊர்சுற்றி கேட்டான். "ஏன் மேடம், வேலையே போயிருக்குமே. அப்பக்கூட எனக்காகத்தான் பேசினேன்னு ஒரு வார்த்தை சொல்லலியே?"

வார்டன் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"சொல்லிட்டா, யார் தயவும் இல்லாம தனியா ஊரைச் சுத்தினோம்ங்கற சந்தோஷம் உனக்கு இல்லாமப் போயிடுமே தம்பி."

மார்ச் மாதம் பதின்மூன்றாம் நாள், புதன்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணிக்கு இவ்விவகாரம் தீர்ந்தது.