ஸ்வெட்டருக்கு ஒரு கரடி

பொம்மைக்காரம்மாவிடம் வருகிறவர்கள் கரடியோ முயலோ பின்னச் சொல்லிவிட்டு, பிறகுதான் அதற்குச் சட்டை கேட்பார்கள். இந்த மனிதரோ ஒரு குட்டிச் சிவப்பு ஸ்வெட்டரை மேஜைமேல் வைத்தார்.

“இதுக்குப் பொருத்தமா ஒரு கரடி வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள. தலை போற காரியம்மா!”

“பாப்பாவுக்குப் பிறந்தநாளா?”

அவர் திருதிருவென்று விழித்தார். “அப்படித்தான் வச்சுக்குங்களேன்.”

வியாழனன்றே கரடி தயார். ஸ்வெட்டர் அதற்கென்றே அளவெடுத்துப் பின்னியதுபோல் பொருந்தியது. மனிதர் கரடியைக் கட்டிக்கொண்டு ஓடினார்.

திங்களன்று ஒரு பெண் வந்து, பையிலிருந்து குட்டிக் கோட்டு ஒன்றை எடுத்து வைத்தார்.

“இதுக்கு ஒரு யானை வேணும்.”

“பாப்பாவோட கோட்டா?”

“எங்க வீட்டுக்காரரோடது. நான் அவருக்குப் பின்னின ஸ்வெட்டரை வெந்நீர்ல போட்டா சுருங்கிடும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ஊருக்குப் போயிட்டு வந்து பார்த்தா, அதை ஒரு கரடி போட்டுக்கிட்டு சோபால உட்கார்ந்திருக்கு! நான் விடுவேனா? அவரோட கம்பளிக் கோட்டை வெந்நீர்ல நல்லா முக்கி எடுத்தேன்.”

பொம்மைக்காரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கோட்டை அளந்தார்.

“காதை மட்டும் நல்லாப் பெருசா வைங்க,” என்றார் அந்தப் பெண். “அதைப் பார்த்தாவது, இனிமே நான் சொல்றது அவர் காதுல விழட்டும்.”