கலப்படமில்லாத தேன்

தேனின் மருத்துவக் குணங்களை ஆராய்ந்தே உயிர்வேதியியல் பேராசிரியர் ஆனவள் தேவிப்ரியா. அவளுடைய மாமியார் கஸ்தூரிக்கு மட்டும் அந்த ஆராய்ச்சியில் நம்பிக்கை வந்ததே இல்லை.

“தேனீ பண்ற வேலைக்கு உனக்கு எதுக்கும்மா சம்பளம்?” என்பாள்.

கஸ்தூரிக்கு விடாத இருமல். அடி அண்ணாமலை கிராமத்தில் இருந்த அவளைப் பார்க்கப் போன தேவிப்ரியா, ஒரு பாட்டில் தேனை நீட்டினாள்.

“கலப்படம் இல்லியே?”

“லேப்ல நானே டெஸ்ட் பண்ணது அத்தை. சுத்தமான தேன்.”

அடுத்த வாரம் போனபோது இருமல் சத்தமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் கஸ்தூரி சொல்லிக்கொண்டிருந்தாள்:

“எல்லாம் எங்க மருமவ குடுத்த தேன்தான். அவ படிச்ச படிப்பு வீண் போவல.”

தேவிப்ரியாவுக்குக் கண் கலங்கியது. எத்தனையோ விருதுகள் வாங்கியும், இந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் காத்திருந்தாள்.

“ஒரு நாளைக்கு எத்தனை ஸ்பூன் குடிச்சீங்க அத்தை?”

“நான் எங்க குடிச்சேன்? நீதான் சுத்தமான தேன்னு சொன்னியே! அப்படியே கொண்டுபோய் அண்ணாமலையார் அபிஷேகத்துக்குக் குடுத்துட்டேன். மறுநாளே இருமல் நின்னுபோச்சு.”

பிறகு முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கஸ்தூரி சொன்னாள்:

“மூட்டு வலிக்குப் பெரிய பாட்டிலா ஒண்ணு எடுத்துட்டு வாம்மா.”