சிக்னல் எட்டும் தூரம்

"பச்சையா, சிவப்பா? சரியாப் பார்த்துச் சொல்லு."

"பச்சைதாங்க. நடங்க."

செல்போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் ரேடியோவைப் பிடித்தபடி பூங்காவைத் தாண்டினார் கணக்கு வாத்தியார். எதிரே வந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

அவர் கையால் செய்த முதல் ட்ரோன், போன வருஷம் ஏரிக்கு மேலே பறக்கும்போது ரேடியோ சிக்னல் அறுந்து, எல்லார் கண்முன்னாலும் தண்ணீருக்குள் போய்விட்டது. மனிதர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது இன்னொன்றைப் பார்த்துப் பார்த்துச் செய்து முடித்திருக்கிறார். இதுவும் போனால் தாங்க மாட்டார். தரையிலிருந்து இயக்க நம்பிக்கையான ரேடியோ கிடைக்கும்வரை இதைத் தரையை விட்டுக் கிளப்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

பொழுதுபோக்குச் சாமான் கடைக்காரர் தங்கமான ஆள். "வாங்குறதுக்கு முன்னாடி கொண்டுபோய்ச் சோதிச்சுப் பாருங்க சார். ஒரு நாள் பார்த்தாப் பத்தாது. வெயில், காத்து, ஈரம் எல்லாத்துலயும் வாரம் பூரா பார்க்கணும்" என்று ஒவ்வொரு ரேடியோவாகக் கொடுத்தனுப்பினார்.

சோதனை சுலபம்தான். ரேடியோவின் ஜோடியான ரிசீவரை ட்ரோனில் பொருத்தி, பேட்டரியை மாட்டி, பால்கனி மேசையில் வைக்க வேண்டும். சிக்னல் எட்டும்வரை ரிசீவரில் பச்சை விளக்கு எரியும். அறுந்தால் சிவப்பு. வாத்தியார் ரேடியோவோடு விலகி விலகிப் போக, மனைவி விளக்கைப் பார்த்துப் போனில் சொல்வாள்.

தெருமுனைக்குப் போகக்கூட ஸ்கூட்டரை உதைக்கும் ஆசாமி, இதற்கும் ஸ்கூட்டரைத்தான் எடுக்கப் பார்த்தார். "வண்டியில போனா இன்ஜின் சிக்னலைக் குழப்பிடும் சார். நடந்துதான் போகணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார் கடைக்காரர்.

முதல் ரேடியோ தெருமுனையிலேயே சிவப்பு. அடுத்தது தபால் ஆபீஸ் வரை வந்தது. மூன்றாவது பூங்கா வாசல் வரை. இது நாலாவது.

வாத்தியாரின் மண்டையைக் குடைந்தது இதுதான். நாலும் ஒரே அலைவரிசை. ஆன்டெனாவும் ஒரே நீளம். அப்படியிருக்க, ஒவ்வொன்றும் முந்தினதைவிடக் கொஞ்சம் கூடுதலாக எட்டுவானேன்? ராத்திரி படுத்தால் கணக்குப் போட்டுப் பார்க்கிறார். விடைதான் வந்தபாடில்லை.

"அங்க என்ன தண்ணி கொட்டுற சத்தம்?"

"செடிக்கு ஊத்துறேன்."

"ட்ரோன் மேல தெறிக்கப்போகுது. கண்ணு விளக்கு மேலதானே இருக்கு?"

"வேற எங்க இருக்கும்? நீங்க நடங்க."

பாலத்துக்குப் போகும் சாலை மேடாக ஏறியது. வாத்தியாரின் பேச்சு துண்டு துண்டாக வந்தது.

"ஒருவேளை... கட்டடம் கம்மியா இருக்கிற பக்கம்... சிக்னல் நல்லா..."

"சிவப்பு மினுக்குதுங்க. அப்படியே எங்கயாவது உட்காருங்க. அசையக் கூடாது."

பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். ஆன்டெனா அசையாமல் மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு பஸ் வந்து போகும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"பச்சை வந்துடுச்சு. மெதுவாப் போங்க."

"மெதுவாவா? வேகத்துக்கும் சிக்னலுக்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்கென்ன தெரியும்? வாத்தியார் நீங்கதானே."

அதையும் யோசித்துக்கொண்டே நடந்தார். நடுப்பாலத்துக்கு வந்ததும் மனைவி சொன்னாள்: "சிவப்பு."

"நல்லாப் பாரு."

"நல்லாவே பார்த்துட்டேன். சிவப்பேதான். திரும்பி வாங்க."

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் பால்கனிக்கு ஓடினார். விளக்கு சமர்த்தாகப் பச்சையில் எரிந்தது.

"இந்த வாரம் பூரா பாலம் வரைக்கும் குறையாம எட்டிருக்கு. இதையே வாங்கிடலாமான்னு பார்க்கிறேன்."

"பாதிப் பாலத்துல கைவிடுறதை நம்பி ஏரி மேல பறக்கவிடப் போறீங்களா?"

ஏரி என்றதுமே ரேடியோவைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"வேண்டாம். இன்னொண்ணு பார்ப்போம். ஆனா ஒண்ணு, இந்த வித்தியாசம் எதனாலன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்" என்றபடி துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். சிரமம் தெரியாமல் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனார்.

குழாய்ச் சத்தம் கேட்டதும் மனைவி கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"தம்பி, அடுத்த வாரத்துக்கு இன்னொரு ரேடியோ கொடுத்தனுப்புங்க."

"அக்கா, முதல் வாரம் கொடுத்தேனே, அதுவே ஏரிக்கு அந்தக் கரை வரைக்கும் கைவிடாது. பாவம், நேத்துகூட வாத்தியார் வந்து ஆன்டெனாவைப் பத்தி ஒரு மணி நேரம் கேட்டார். எனக்கே சிரிப்பை அடக்க முடியல. எப்பத்தான் சொல்லப் போறீங்க?"

"பாலத்தைத் தாண்டட்டும் தம்பி, சொல்லிடுறேன். அப்புறம் அந்த முதல் ரேடியோவையே வாங்கிக்கிறோம்."

"அதுவரைக்கும் தினமும் அந்த விளக்கையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணுமேக்கா."

"விளக்கை யாரு பார்த்தா? அவர் படியிறங்கினதுமே பேட்டரியைக் கழட்டிடுவேன், திரும்பி வர்ற நேரத்துக்கு மாட்டிடுவேன். நெஞ்சுவலி வந்த மனுஷனை வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூடுதலா நடக்க வைக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார், நான் போன்ல அவர் மூச்சு வாங்குற சத்தத்தைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்."