நாலு விரல் மடிப்பு

தையல் மெஷின் மேல் சாயங்கால வெயில் விழுந்து கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போட மகளுக்கு வெள்ளைக் கவுன் தைத்துக்கொண்டிருக்கிறாள் அம்மா. பக்கத்து அறைக் கட்டிலில் அந்த மகளின் மூச்சு, ஈர மரத்தை அறுப்பதுபோல இழுத்து இழுத்து வருகிறது. "இனி எங்க கையில ஒண்ணும் இல்ல" என்று டாக்டர் காலையில்தான் சொல்லி அனுப்பினார். போன மாதம் எடுத்த அளவு இப்போது தொளதொளவென்று இருக்கிறது. இரண்டு பக்கமும் பிடித்துத் தைக்கிறாள். பிறகு கீழ்ப்பக்கத்தை மடிக்கிறாள், வளரும் பிள்ளைகளுக்கு வைக்கிற அதே நாலு விரல் அகலத்துக்கு, அடுத்த வருஷம் பிரித்து இறக்கிவிட. சுவரோரம் முழங்காலில் நிற்கும் கணவன், "ஆண்டவரே, உம்முடைய சித்தம்..." என்று தொடங்கி, மேலே போக முடியாமல் கண்ணைத் திறக்கிறான். மடிப்பைப் பார்க்கிறான். "எதுக்கு அவ்வளவு துணி? வெட்டிடேன்." அவள் கத்தரிக்கோலை அவன் பக்கம் தள்ளுகிறாள். "கர்த்தர் கையில ஒப்புக்கொடுத்துட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க? அவர் என்ன செய்யப் போறார்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? தெரிஞ்சா நீங்களே வெட்டுங்க." அவன் கை நீளவில்லை. உள்ளிருந்து சன்னமாக ஒரு குரல்: "அம்மா, தரையில இழுபடாம தைம்மா." "இழுபடாதுடி தங்கம்." ஊசியை எடுக்கிறாள். கண் மறைக்கிறது, நூல் உள்ளே போகவில்லை. கணவன் வாங்கிக் கோத்துக் கொடுக்கிறான். பிரிக்கும்போது துணி கிழியக் கூடாதே என்று, மடிப்பின் மேல் தையலை நீளநீளமாக, தளர்வாகப் போடுகிறாள்.