கட்டம் போட்ட துண்டு

மறதி எலிகள் மறக்க மறுத்தன.

பன்னிரண்டு எலிகளுக்கும் ஊசி போட்டு மறதி வரவழைத்திருந்தோம். அதில் ஆறுக்கு, ஞாபகம் திரும்புகிறதா என்று பார்க்க, இலைச்சாறு கொடுத்தோம்; மீதி ஆறுக்கு வெறும் தண்ணீர்.

பெரிய வட்டத் தொட்டி. பால்பவுடர் கரைத்து வெள்ளையாக்கிய தண்ணீர். அதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சின்ன மேடை. சுவரில் ஒட்டிய படங்களை வைத்து, மேடை எந்தப் பக்கம் என்று எலி ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். மறதி வந்த எலிக்கு அது முடியாது. சுற்றிச் சுற்றி நீந்தும்.

ஆனால் தண்ணீர் குடித்தவையும் விட்ட அம்பாக மேடைக்குப் போயின.

எலிக்கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன், இனி தனக்கும் தண்ணீரே போதும் என்று கேலி செய்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாமே மேடையைக் கண்டுபிடித்தால் சாறு வேலை செய்கிறதென்று எப்படிச் சொல்வது? அந்தச் சாற்றைத்தான் நான் மலைபோல நம்பியிருந்தேன். வீட்டில் என் கணவர் குளியலறையைத் தேடி அலமாரியைத் திறந்துகொண்டிருந்தார்.

ஊசி மருந்தைச் சோதித்தேன். தண்ணீரின் சூட்டை அளந்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

மூன்றாம் நாள் அண்ணன்தான் சொன்னார்.

"ஏம்மா, அது எங்க மேடையைத் தேடுது? உன் துண்டைல்ல தேடுது."

நனைந்த எலியைத் துடைக்க, என் தோளில் எப்போதும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துண்டு கிடக்கும். தூக்கியெடுக்க வசதியாக, எப்போதும் தொட்டிக்கு வெளியே, மேடைக்கு நேர் பின்னால்தான் நிற்பேன்.

துண்டோடு எதிர்ப்பக்கம் போய் நின்றேன்.

தண்ணீர் குடித்த எலி மேடையை விட்டுவிட்டு என்னிடமே நீந்தி வந்தது. ஆறும் அப்படியே.

இடத்தை நினைவில் வைப்பதைத்தான் மறதி பறித்திருக்கிறது. கண்ணில் படும் அடையாளத்தை நோக்கிப் போவது அப்படியே இருக்கிறது!

பிறகு சாறு குடித்தவை. முதல் எலி துண்டின் பக்கம் திரும்பியது, தயங்கியது, மேடைக்குப் போனது. ஆறில் நான்கு அப்படிப் போயின.

அண்ணன் கேலி செய்யவில்லை. நான்கு எலி சாட்சியாகாது. துண்டில்லாமல் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சாறு மருந்தாவதற்கு வருஷக்கணக்காகும். ஆகட்டும்.

வீட்டுக்குப் போகும் வழியில் அதேபோல் ஒரு துண்டு வாங்கினேன். குளியலறைக் கதவில், அவர் நாற்காலியிலிருந்து தெரியும்படி தொங்கவிட்டேன். நாலு நாள் கூடவே நடந்து பழக்கினேன்.

ஐந்தாம் நாள் அவராகவே எழுந்து, நேரே துண்டிடம் போய், கதவைத் திறந்தார்.