கொடியில் காயும் துணி

புறவாசலில் கட்டியிருக்கும் ஓலைக் குச்சிலுக்குள் குனிந்து நுழையும் செல்லக்கனியின் முகத்தில் நாற்றம் வந்து அறைகிறது. அவள் கணவனின் அண்ணன் மகள் சந்தனமாரி பெரியமனுஷியாகி நாலு நாளாக அங்கேதான் ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்திருக்கிறாள். ஓலைக் கிழிசலில் விழும் வெயிலில் ஈக்கள் மொய்க்கின்றன. "ஏளா, அலசின துணிய எங்கன போட்டிருக்க?" என்று கேட்கிறாள் செல்லக்கனி. பிள்ளை சாக்கின் நுனியைத் தூக்கிக் காட்டுகிறாள். உலராத கந்தல்களின் ஓரமெல்லாம் கறுப்பாகப் பூசணம் பூத்திருக்கிறது. மடிப்பிலிருந்து ஒரு கரப்பான் ஓடுகிறது. "ஆம்பள கண்ணுல படக்கூடாதுன்னு அம்மை சொன்னா, சித்தி. ரொம்ப அரிக்கி." செல்லக்கனிக்குக் குமட்டுகிறது. இரத்தத்தைக் கண்டு அல்ல. இதையா ஒரு பிள்ளையிடம் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள் என்றுதான். தன் பழைய சேலையில் பாதியைக் கிழித்து அவளிடம் கொடுக்கிறாள். உலகச் சண்டைக்காலத் துணிப் பஞ்சத்தில் கந்தலையும் எறிய முடியாது. சவுக்காரம் போட்டு வேகவைத்து, கசக்கி, கறை போகாத அந்தத் துண்டுகளை வீட்டு வாசலுக்குக் குறுக்கே ஓடும் முற்றத்துக் கொடியில், நல்ல வெயிலில் வரிசையாக விரிக்கிறாள். உப்பளத்துக் காற்றில் அவை படபடக்கின்றன. கருப்பட்டிக் கடையிலிருந்து சாப்பிட வரும் சந்தனமாரியின் அப்பா மந்திரமூர்த்தி, கொடியைக் கண்டதும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு காறித் துப்புகிறார். "இதென்ன அசிங்கம்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்கிறார். மண்ணில் நுரைத்துக் கிடக்கும் எச்சிலைச் செல்லக்கனி அருவருப்போடு பார்க்கிறாள். வாழ வந்து ஆறு வருசத்தில் அவரிடம் அவள் நேராகப் பேசியதே இல்லை. "ஒங்க மக துணிதான், அத்தான். குனிஞ்சு போங்க," என்கிறாள். அவர் அசையாமல் நிற்கிறார். அவளும் கொடியை விட்டு நகரவில்லை. கடைசியில் மந்திரமூர்த்தி தலையைக் குனிந்து கொடிக்கு அடியில் நுழைகிறார்.