வால் இல்லாத கையெழுத்து

அப்துல் கையூம் பாய்க்கு நான் செக் எழுதினது பிப்ரவரியில. செக்குல போட்ட தேதி மே இருபத்தஞ்சு.

ஊட்டியில ஸ்வெட்டர் கடை வெச்சிருக்கறவன் வேற எப்படி எழுதுவான்? கல்யாணமோ, ஸ்கூல் ஃபீஸோ, எங்களுக்கு எல்லாமே சீசன் முடிஞ்சதும்தான். பாய் குன்னூர்ல மொத்த வியாபாரி. எட்டு வருசமா அவர்கிட்டதான் சரக்கு எடுக்கறேன். எப்பவும் பாதிக்குப் பாதி ரொக்கம் குடுக்கறவன், இந்தத் தடவை கையில காசில்லாம முழுசுக்கும் செக்கையே நீட்டினேன்.

நீட்டறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணினேன். என் கையெழுத்தோட கடைசியில கீழே சுழிச்சு ஒரு வால் இழுப்பேன். அந்த வாலை வெட்டிட்டேன்.

கணக்குல பணம் இல்லைன்னு செக் திரும்பினா கேஸு. கையெழுத்து சரியில்லைன்னு திரும்பினா கேஸு கிடையாது. புது செக் கேப்பாங்க, அதுக்குள்ள பத்து நாள் ஓட்டிரலாம். இது மார்க்கெட் டீக்கடையில நான் படிச்ச சட்டம். பாய் கேட்டா, ஊட்டிக் குளிர்ல கை நடுங்கிருச்சுன்னு சொல்றதுக்கு வசனம்கூட ரெடி.

ஊட்டுக்காரி பாலாமணிகிட்ட பெருமையாச் சொன்னேன். "ஏனுங்க, அவரு நல்ல மனுசனாச்சுங்களே"ன்னா. உனக்கு வியாபாரம் தெரியாதுன்னு அடக்கினேன். என்னமோ எனக்குத் தெரிஞ்ச மாதிரி.

மே வந்துச்சு, கூடவே மழையும் வந்துச்சு. டூரிஸ்ட் பஸ்ஸெல்லாம் பாதி மலையோட திரும்பிருச்சு. தப்பித் தவறி கடைக்குள்ள வந்த நாலு பேரும் ஸ்வெட்டரை விட்டுட்டு, குடை இருக்கான்னு கேட்டாங்க.

இருபத்தஞ்சு போச்சு. பேங்க்ல இருந்து ஒரு தகவலும் இல்லை. ஜூன் மொத வாரத்துல ஒருநாள் பாயே கடைக்கு வந்து நின்னார். எப்பவும் வேன்ல வர்றவரு, அன்னைக்கு பஸ்ல வந்திருந்தார்.

செக் திரும்பி, சண்டைக்குத்தான் வர்றார்னு நானே முந்திக்கிட்டேன். பேங்க்காரங்களுக்குக் கண்ணே தெரியறதில்லை, இந்தக் குளிர்ல எவன் கையெழுத்து ஒழுங்கா வரும், மனுசனை நம்பாம மையை நம்பறாங்கன்னு மூச்சு விடாம பேசினேன்.

பாய் முழுசையும் கேட்டுட்டு, சட்டைப் பையில இருந்து செக்கை எடுத்து மேஜை மேல வெச்சார். மடிப்புக்கூடக் கலையலை. அவர் அதை பேங்க்ல போடவே இல்லை.

"குடுத்த அன்னைக்கே பாத்துட்டனுங்க மயில்சாமி. எட்டு வருசமா வர்ற வாலு இதுல இல்லை."

அப்புறம் எதுக்கு சரக்கு குடுத்தீங்கன்னு கஷ்டப்பட்டுக் கேட்டேன்.

"அன்னைக்கே கேட்டிருந்தா வெக்கப்பட்டு சரக்கு எடுக்காம போயிருப்பீங்க. சீசன்ல கடையைப் பூட்டிட்டு என்ன பண்ணுவீங்க? மழை குன்னூர்லயும்தானுங்க பேஞ்சுது, அதான் செக்கை பேங்க்ல போடலை."

அவர் ஸ்வெட்டர் எடுக்கற லூதியானா மில்லுக்கு மே கடைசியில பணம் கட்டியாகணும். அது என்னாச்சுன்னு கேட்டேன். வேனை வித்துக் கட்டியாச்சுன்னு, ஸ்வெட்டர் விலை சொல்ற மாதிரி சாதாரணமாச் சொன்னார். எனக்கு அந்த மேஜைக்கு அடியில புகுந்துக்கலாம் போல இருந்துச்சு.

பாய் பேனாவை நீட்டினார்.

"புதுசா ஒண்ணு எழுதுங்க. உங்களுக்கு எப்ப தோதுப்படுதோ, அந்தத் தேதியே போடுங்க. வாலை மட்டும் மறந்துராதீங்க."

எழுதினேன். வாலை இழுக்கும்போது கை உதறி, அது கோணிக்கிட்டு எங்கேயோ போச்சு. எந்த பேங்க்லயும் செல்லாது.

பாய் அதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"குளிருதுங்களா? இருங்க, ஒரு டீ குடிச்சுட்டு வேற எழுதலாம்."

வெளியே, மூணு வாரமா எட்டிப் பார்க்காத வெயில் அன்னைக்குன்னு பார்த்து சுள்ளுன்னு அடிச்சுக்கிட்டிருந்துச்சு.